வேலூர்ப் பக்கத்துக் காட்டுப் பூச்செடிகளை ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் தொகுப்புக்கு) பதப்படுத்துவது எப்படி?

ஜவ்வாது மலையில் செடி சேகரிக்கப் போவதாகவும், முன்பு பறித்தவை கறுத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். காப்புக்காட்டில் அது இல்லாமல் ஒரு கொப்பைக்கூட ஒடிக்கக் கூடாது. நாலைந்து செடிகள் மட்டுமே நிற்கும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், பறிக்கவே வேண்டாம்.

கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தங்கிப்போகும் ஈரம்தான். பறித்த அன்றே செய்தித்தாளுக்குள் விரித்து, மேலும் கீழும் அட்டை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். முதல் 3, 4 நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஆவாரை என்றால் பூவும் காயும் இருக்கும் கிளையாகப் பாருங்கள். ஓர் இலையைத் திருப்பி வையுங்கள். ஒட்டிய பிறகு அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாது.

கள்ளிமுளையான்தான் சோதிக்கும். சதைப்பற்றுள்ள தண்டு, தாளுக்குள்ளேயும் பல நாள் உயிரோடு கிடக்கும். தண்டை மட்டும் கொதிநீரில் சற்றே முக்கி எடுத்தால் சீக்கிரம் காயும். பூவில் வெந்நீர் படக் கூடாது.

அப்புறம், குறிப்பை அங்கேயே எழுதுங்கள். செங்காந்தள் இதழ் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவக்கும். காய்ந்தபின் அந்த நிறம் எதுவும் நிலைக்காது. இடம், தேதி, உயரம், மண், பூவின் நிறம், உங்கள் பெயர், வரிசை எண் எல்லாம் வேண்டும். இவை இல்லாத மாதிரி ஆய்வுக்கு உதவாது.

நன்றாகக் காய்ந்ததும் சுமார் 42 × 28 செ.மீ. கெட்டித் தாளில் ஒட்டலாம். பூச்சி வராமலிருக்க, பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, சில நாள் டீப் ஃப்ரீசரில் வையுங்கள்.