ஆகஸ்ட் மாதம் கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில் பத்து வயதுக் குழந்தையுடன் நீந்தவும் துடுப்புப் பலகை (நின்றபடி துடுப்பு போட்டுச் செலுத்தும் பலகை) ஓட்டவும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் மெல்தெமி என்ற காற்றைப் புரிந்துகொண்டு போங்கள். கடற்கரையில் நாங்கள் பட்ட பெரும் பயம் அதனால் வந்ததுதான்.

பால்கன் பகுதியின் உயர் அழுத்தத்துக்கும் துருக்கியின் அனத்தோலியாப் பகுதியின் தாழ்வழுத்தத்துக்கும் இடையே, கோடையில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து வீசும் காற்று இது. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் வலுவாக இருக்கும். அந்தத் தாழ்வழுத்தம் நம் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. மேகமே இல்லாத நீல வானத்தின் கீழும் இது, காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 6, 7-ஐ எட்டும் என்பதால், வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கும் நம் பழக்கம் அங்கே உதவாது.

தீவின் மேற்குக் கரையில் உள்ள அகியோஸ் ப்ரோகோபியோஸ் கடற்கரை இந்தக் காற்றுக்கு ஓரளவு மறைவானது என்பதால் குடும்பங்கள் அதை விரும்புகின்றன. மறைவு என்றால், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். கரையோரம் தண்ணீர் அசையாமல் இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் இழுத்துக்கொண்டு போகும். நான் இடுப்பளவு நீரில் நின்றிருந்தபோதே என் மகன் படுத்திருந்த காற்றடைத்த மெத்தை சில நிமிடங்களில் நீந்தி எட்ட முடியாத தொலைவுக்குப் போய்விட்டது. அவன் இறங்கிவிடாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்ததால்தான், துடுப்புப் பலகையில் சென்ற ஓர் இளைஞரால் அவனைக் கண்டு மீட்க முடிந்தது. ஆளில்லாமல் மிதந்து போகும் மெத்தையையோ பந்தையோ ஒருபோதும் துரத்தாதீர்கள். மெத்தையிலோ பலகையிலோ நீங்களே மாட்டிக்கொண்டால் அதை விட்டு இறங்காமல், கையசைத்து உதவி கேளுங்கள். குழந்தைக்கு மெத்தையே வேண்டாம் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

துடுப்புப் பலகைக்குக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் காற்று ஏறும். காலில் கட்டும் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் ஏறாதீர்கள். நிற்கும் உடல் பாய்மரம் போலக் காற்றை வாங்கும் என்பதால், காற்று எழுந்தவுடன் மண்டியிட்டுத் துடுப்பு போட்டோ குப்புறப் படுத்துக் கைகளால் தள்ளியோ கரைக்குத் திரும்புங்கள். விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் சறுக்குவது) பழக, நக்சோஸ் நகரை ஒட்டிய அகியோஸ் யோர்யோஸ் கடற்கரையின் ஆழமற்ற நீர் ஏற்றது. அதே மேற்குக் கரையில் உள்ள மிக்ரி விக்லாவில், கடலுக்குள் நீளும் நிலமுனைக்கு வடக்கே உள்ள பார்த்தேனா கரை கைட் சர்ஃபிங் (பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் சறுக்குவது) செய்வோருக்கு உரியது. குழந்தையுடன் நீந்த முனையின் தென்புறம் போங்கள்.

பாறைகளில், மிதித்தால் குத்தும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள் (sea urchin) இருக்கும். ரப்பர் காலணி போதும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்க வேண்டாம். கிரேக்கக் கடலோரக் காவல்படையின் எண் 108, ஐரோப்பிய அவசர எண் 112. இரண்டையும் விமானம் ஏறும் முன்பே கைபேசியில் சேமித்துவிடுங்கள்.