"எனக்குப் பிடிக்கல"

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளராக இருக்கிறேன். இப்போது ஒரு தமிழ் டெலிமூவி வேலை நடக்கிறது. இயக்குநர் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்கிறார். காரணம் கேட்டால் "எனக்குப் பிடிக்கல" என்பதோடு சரி. "சத்யஜித் ராய் யாரைக் கேட்டு எடுத்தார்?" என்கிறார். இது ரசனையா, ஆணவமா? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

காரணம் சொல்லாததை நான் குற்றமாக நினைக்கவில்லை. ஒரு ஷாட் நாலு பிரேம் நீண்டால் சிலருக்கு உறுத்தும். ஏன் என்று சொல்ல வராது. ஜப்பானிய இயக்குநர் ஓஸு கேமராவைத் தரையை ஒட்டி வைத்தார், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான். பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நாளைக்கு கேமரா எங்கே இருக்கும் என்பது தெரியும்.

நான் பார்ப்பது அதைத்தான். ரசனை உள்ளவரோடு சில மாதம் உட்கார்ந்தால், அவர் எங்கே வெட்டச் சொல்வார் என்பது உங்கள் கைக்கே பழகிவிடும். ஆணவக்காரரிடம் வருடக்கணக்கில் இருந்தாலும் பிடிபடாது. அவர் கவனம் திரையில் இல்லை, யோசனை யாருடையது என்பதில் இருக்கிறது.

ராயை இழுத்தார் அல்லவா? ராயின் ஆரம்பப் படங்களுக்கு ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் இசையமைத்தார்கள். 1961 முதல் தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். அறுபதுகளில் கேமராவையும் தானே இயக்கினார். இளமையிலிருந்தே மேற்கத்திய இசையில் ஊறி, இசைக்குறிப்பு படிக்கப் பழகியவர் அவர். வேலை தெரிந்துதான் கை வைத்தார். அப்படியும் இழப்பு இருந்தது. முதல் படத்திலிருந்து உடனிருந்த ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1966க்குப் பிறகு அவரோடு இல்லை. பிற்காலப் படங்களில் அந்த வெளிச்சம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாலு மகேந்திரா எனக்கு இன்னும் நெருக்கமானவர். எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் அவர் கையில். இசையை மட்டும் பெரும்பாலும் இளையராஜாவிடம் கொடுத்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த பிடிவாதம் அது.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. எழுத்து, இயக்கம், தயாரிப்பு மூன்றிலும் ஒரே பெயர் வருவது பல நேரம் கலைக் கொள்கையால் அல்ல, கையில் காசில்லாததால். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர் படத்தை இறுக்கிப் பிடிப்பார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்தையே மேதைமை என்று நம்பத் தொடங்கும்போது படம் கெடுகிறது. பினாங்கில் பிறந்த மலாய்ப் பட நடிகர், இயக்குநர் பி. ரம்லி 1964-ல் கோலாலம்பூர் மெர்டேகா ஸ்டூடியோவுக்கு வந்தபோது, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் இருந்த ஆட்களும் வசதியும் கிடைக்கவில்லை. ரம்லி அதே ரம்லிதான். படங்கள் மெலிந்தன. உடனிருக்கும் கைகள் இல்லாமல் எவ்வளவு பெரிய ரசனையும் திரைக்கு வந்து சேராது.

இனி காரணம் கேட்காதீர்கள். அந்தக் காட்சியை இரண்டு விதமாக வெட்டி, எது யார் யோசனை என்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். சில நாள் கழித்து வரிசையை மாற்றி மறுபடியும் காட்டுங்கள். இரண்டு முறையும் அதையே தேர்ந்தெடுத்தால் அவரோடு இருங்கள், அவர் உங்களைப் படுத்தினாலும் இருங்கள். பார்ப்பதற்கு முன்பே "யார் கட் பண்ணது?" என்று கேட்டால், இந்தப் படத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு வேறு அறை தேடுங்கள்.