கவுன்சில் வரி உயர்ந்த பிறகும் நூலகத்தின் நேரம் குறைவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் நாங்கள் வசிக்கும் பகுதியில் இவ்வாண்டும் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சி மன்றம் வீடுகளுக்கு விதிக்கும் வரி, 4.99% உயர்கிறது. கூடவே நூலகத்தின் திறப்பு நேரம் குறைக்கப்படும் என்றும், இளையோர் மையம் மூடப்படும் என்றும் அறிவித்துவிட்டார்கள். கூடுதலாகப் பணம் கட்டிவிட்டுக் குறைவான சேவையைப் பெற நாங்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானதே. ஆயினும் இந்த உயர்வைத் தடுத்துவிட்டால் நூலகம் தப்பிவிடும் என்று எண்ண இடமில்லை. அதனோடு இன்னும் சில சேவைகளும் சேர்ந்து போய்விடும் என்பதே என் அச்சம்.

கணக்கைப் பாருங்கள். வீட்டின் மதிப்பை வைத்து வகுத்த வரிப் பிரிவுகளில் ‘டி’ பிரிவு (பேண்ட் டி) வீட்டுக்குக் கவுன்சிலின் பங்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், 4.99% உயர்வு என்பது 99 பவுண்டு 80 பென்ஸ். இதில் 2%, அதாவது 40 பவுண்டு, முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பராமரிப்புக்கென்றே வசூலிக்கப்படும் தொகை. மார்ச் மாதம் வீட்டுக்கு வரும் பில்லில் அது தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கும். எஞ்சிய ஏறத்தாழ 60 பவுண்டில்தான் குழந்தைகள் பாதுகாப்பு, வீடற்றோருக்கான தற்காலிகத் தங்குமிடம், குப்பை அகற்றல், சாலைப் பராமரிப்பு, ஊழியர் சம்பளம் ஆகிய அனைத்தின் விலையேற்றத்தையும் சமாளிக்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் என்ன என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் இந்தச் செலவின் தன்மை புரியும். தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குக் காலையில் பராமரிப்பாளர் ஒருவர் வந்து, அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். மதியமும் இரவும் மறுபடி வருகிறார். மதிப்பீட்டின்படி அந்த மூதாட்டிக்குத் தகுதி உண்டு என்று முடிவானால், 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் அந்த உதவியைச் செய்தே ஆக வேண்டும். பணம் தீர்ந்துவிட்டது என்று கைவிரிக்க முடியாது. ஏப்ரல் மாதத்தில் குறைந்தபட்ச ஊதியம் உயரும்போதெல்லாம், அந்த ஒவ்வொரு வருகைக்குமான செலவும் உயர்கிறது. அந்த ஊழியர்கள் அதைவிடக் கூடுதலாகவே பெறத் தகுதியுள்ளவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நூலகங்களுக்கும் 1964ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ஆனால் எத்தனை நூலகங்கள், எத்தனை மணி நேரம் என்பதை அது வரையறுக்கவில்லை. இளையோர் மையம், பூங்கா, நீச்சல் குளம் போன்றவற்றுக்கு அந்த அளவு பாதுகாப்பும் இல்லை. அன்றாடச் செலவுக்காகக் கவுன்சில்கள் கடன் வாங்கவும் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே, எதை வெட்டலாமோ அதைத்தான் வெட்டுகிறார்கள். எதை வெட்ட வேண்டுமோ அதை அல்ல.

வரியை உயர்த்தாமல் ஓராண்டைக் கடத்துவது மக்களுக்குச் செய்யும் உதவி என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மக்கள் வாக்கெடுப்பின்றி உயர்த்தக்கூடிய உச்சவரம்பு ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டு வரியின் மீதுதான் கணக்கிடப்படுகிறது என்பதால், ஓராண்டு விட்டுக்கொடுத்த வருமானம் அதன்பின் எந்த ஆண்டிலும் திரும்பி வருவதில்லை. 2011-12 முதல் சில ஆண்டுகள், வரியை உயர்த்தாத கவுன்சில்களுக்கு அரசே மானியம் வழங்கியது. அந்த மானியம் நின்றுபோனது, தாழ்ந்த அடித்தளம் மட்டும் தங்கிவிட்டது.

கேள்வி: அப்படியானால் கவுன்சில்கள் திவாலாவதற்கு வரி போதாமைதான் காரணமா?

பதில்: அது மட்டுமே காரணம் அல்ல. வரவுசெலவைச் சமன்செய்ய முடியாத நிலையில் தலைமை நிதி அதிகாரி வெளியிடும் ‘114ஆம் பிரிவு’ அறிவிப்பு லண்டனின் குரொய்டனில் 2020இலும், பர்மிங்காமில் 2023இலும் வந்தது. குரொய்டனில் கடனும் சொத்து முதலீடுகளும், பர்மிங்காமில் சம ஊதிய வழக்குகளின் நிலுவையும் கணினி அமைப்பு மாற்றமும் பெரும் பங்கு வகித்தன. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குடியிருப்பாளர்களே: குரொய்டனில் 2023-24இல் 14.99%, பர்மிங்காமில் 2024-25இல் 9.99% வரி உயர்ந்தது, சேவைகளும் வெட்டப்பட்டன. வரி உயர்வை ஆதரிக்கும் நானே, ஒவ்வொரு பெரிய முதலீட்டையும் கடுமையாகக் கேள்வி கேளுங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கேள்வி: வசதி குறைந்தவர்களுக்கு இந்த வரி அநீதி இல்லையா?

பதில்: அநீதிதான், அதை மறுக்க மாட்டேன். 1993இல் இவ்வரி வந்தபோது வகுத்த எட்டுப் பிரிவுகள், 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்தே இங்கிலாந்தில் இன்றும் நிற்கின்றன. மாளிகையானாலும் உச்சப் பிரிவான எச், கீழ்ப் பிரிவான ஏ கட்டுவதைப்போல் மூன்று மடங்குதான் கட்டுகிறது. ஏ பிரிவு வீடுகள் நிறைந்த ஏழைப் பகுதியில் 1% உயர்வு கொண்டுவரும் பணம் குறைவு. பராமரிப்புத் தேவையோ அங்கேதான் அதிகம். அந்த இடைவெளியை மத்திய அரசின் மானியம்தான் நிரப்ப வேண்டும். உள்ளூர் வரியால் அது ஆகாது.

அதுவரை, உயர்வோடு சலுகைத் திட்டமும் வலுப்பட வேண்டும் என்று கேட்பதே நேர்மையான நிலை. 2013 முதல் ஓய்வூதிய வயதினருக்கான வரிக் குறைப்பு விதிகளை அரசு வகுக்கிறது. உழைக்கும் வயதினருக்கு எவ்வளவு குறைப்பது என்பதை அந்தந்தக் கவுன்சிலே தீர்மானிக்கிறது. குறைந்த வருமானத்தில் வாழும் இளம் குடும்பங்கள் பல, விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று தெரியாமலேயே முழுத் தொகையைக் கட்டிக்கொண்டிருக்கக்கூடும். தனியாக வசிப்பவருக்கு 25% தள்ளுபடி உண்டு. பத்துத் தவணைக்குப் பதிலாகப் பன்னிரண்டாகப் பிரித்துக் கட்டவும் நீங்கள் கோரலாம்.

கேள்வி: உச்சவரம்பைத் தாண்டிக்கூட உயர்த்த முடியுமா?

பதில்: அரசு தனி அனுமதி தராவிட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2015இல் பெட்ஃபர்ட்ஷயரில், இவ்வரியில் காவல்துறைக்கான பங்கை நிர்ணயிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர் அந்தப் பங்கில் 15.8% உயர்வு கேட்டு நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 70% பேர் மறுத்துவிட்டனர். பணம் எந்தச் சேவைக்குப் போகும் என்பது வீட்டு வாசல்வரை வந்து விளக்கப்படாமல் யாரும் சம்மதிக்கப் போவதில்லை. உங்கள் கவுன்சிலின் வரவுசெலவுக் கருத்துக்கேட்பு பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் நடக்கும். மார்ச் 11க்குள் வரியை நிர்ணயித்துவிட வேண்டும் என்பதால், பில் கைக்கு வந்தபின் எழுதும் கடிதத்தைவிட ஜனவரியில் உங்கள் கவுன்சிலருக்கு எழுதும் கடிதத்துக்கே பயன் அதிகம். அதில் நூலகத்தின் பெயரைச் சொல்லி, அதைத் திறந்து வைக்க ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்றே கேளுங்கள்.