தனபாதா காகித வலை கிழிகிறதா?
ஜூலை 7 அன்று வரும் ஜப்பானிய நட்சத்திர விழாவான தனபாதாவுக்காக உங்கள் வகுப்பின் ஆறு வயதுப் பிள்ளைகள் செய்யும் காகித வலை, விரிக்கும்போதே கிழிகிறது என்று கேட்டிருந்தீர்கள். தாளை நீளவாக்கில் இருமுறை மடித்து, இரு ஓரங்களிலிருந்தும் மாறி மாறி வெட்டச் சொல்லுங்கள். வெட்டு எதிர் ஓரத்தைத் தொடவே கூடாது. ஒரு விரலகலம் மிஞ்சட்டும். கெட்டித் தாள் வேண்டாம், காகித மடிப்புக் கலைக்கான மெல்லிய ஓரிகாமி தாளே நல்லது. வலை, மீன் நிறையக் கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதல் என்பதை வெட்டும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் யார் கேட்பார்கள்?

மீந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஜப்பானின் செண்டாய் நகரத்தில் இவ்விழாவுக்குத் தொங்கவிடும் ஏழு அலங்காரங்களில், வலையைப் போலவே காகிதக் குப்பைக்கூடையும் ஒன்று! வெட்டி மிஞ்சிய காகிதத்தை அதில் போட்டே தொங்கவிடுவார்கள்; தூய்மையும் சிக்கனமும் பழகுவதற்காக. எனக்கு ஏழிலும் அதுதான் பிடித்தது. பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை எழுதித் தொங்கவிடும் தாள்களை மட்டும் கடைசியில் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் கத்தரிக்கோலை ஒருவரும் தொடமாட்டார்கள்.