சுவிசேஷம் எப்படி இரகசியமாகும்? – வேதாகமக் கேள்வி பதில்

கேள்வி: எல்லா ஜாதிகளுக்கும் அறிவிக்கச் சொன்ன சுவிசேஷத்தைப் பவுல் ஏன் 'இரகசியம்' என்கிறார்? அறிவித்த பிறகும் அது இரகசியம்தானா? (வாசகி, நாகர்கோவில்)

பவுல் இந்தச் சொல்லை எழுதும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்திலேயே 'வெளிப்படுத்தினார்', 'அறிவித்தார்' என்ற வினையும் நிற்கும். ரோமர் 16:25-26, எபேசியர் 3:3-5, கொலோசெயர் 1:26 மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஆதிகாலமுதல் தேவன் தம்மிடத்தில் மறைத்துவைத்திருந்தார், இப்போது அவரே திறந்துவிட்டார் என்பதுதான் மூன்றிலும் ஓட்டம். மனுஷர் தேடிக் கண்டுபிடிக்க முடியாதது என்பதால் அது இரகசியம். எபேசியர் 6:19-இல் இந்த இரகசியத்தைத் தைரியமாய் அறிவிக்கும்படி தனக்காக ஜெபிக்கவும் கேட்கிறார். ஒளித்துவைக்க வேண்டிய விஷயத்துக்கு யாரும் அப்படி ஜெபம் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: 'பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும்' என்று ஆபிரகாமுக்கே சொல்லியாயிற்று. ஏசாயாவும் புறஜாதிகளுக்கு (யூதரல்லாதாருக்கு) ஒளி என்கிறார். பிறகு மறைந்திருந்தது எது? (வாசகர், பாளையங்கோட்டை)

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் எபேசியர் மூன்றாம் அதிகாரத்தைக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

புறஜாதிகளுக்கு ஆசீர்வாதம் உண்டு என்பது மறைவாக இல்லை. எந்த நிலையில் வருவார்கள் என்பதே மறைவாக இருந்தது. தகப்பன் உயில் எழுதியிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்; ஊராருக்கும் ஏதோ தர்மம் வைத்திருக்கிறார் என்றும் தெரியும். பிரித்துப் பார்த்தால் ஊரார் பெயர் பிள்ளைகளின் வரிசையிலேயே, சம பங்கோடு எழுதியிருக்கிறது. எபேசியர் 3:6 சொல்வது அதைத்தான்: புறஜாதியார் உடன் சுதந்தரர், ஒரே சரீரம், வாக்குத்தத்தத்தில் உடன்பங்காளிகள். விருத்தசேதனம் பண்ணி முதலில் யூதராக வேண்டியதில்லை. கிறிஸ்துவுக்குள் வந்தால் போதும்.

இது அந்நாளில் எவ்வளவு பாரமான பேச்சு என்பதற்கு ஒரு கல் சாட்சியாக இருக்கிறது. எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் நிற்கும் வெளிப்பிராகாரத்தையும் உள்பிராகாரத்தையும் ஒரு தடுப்புச் சுவர் பிரித்தது. அதன் உயரம் 3 முழம், அதாவது ஏறக்குறைய நாலரை அடி, என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்தத் தடுப்பில் இருந்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871-இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்த இன்னொரு கல் 1935-இல் எருசலேமிலேயே கிடைத்தது. அந்நியன் எவனும் உள்ளே போகக்கூடாது, மீறிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று அதில் கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறது.

இப்போது அப்போஸ்தலர் 21:28-29 வாசியுங்கள். இந்தத் தடுப்பைத் தாண்டிப் புறஜாதியானைக் கூட்டிவந்தான் என்ற பொய்க்குற்றச்சாட்டில்தான் பவுல் பிடிபட்டார். கூட்டிவந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட துரோப்பீமு எபேசு ஊர்க்காரன்! அடுத்த அதிகாரத்தில் பவுல் பேசும்போது ஜனங்கள் அமைதியாகக் கேட்டார்கள். 'புறஜாதிகளிடத்தில் உன்னை அனுப்புவேன்' என்று கர்த்தர் சொன்னதைச் சொன்னவுடன் கூச்சல் எழும்பியது. ஆகவே எபேசியர் 3:1-இல் 'புறஜாதியாராகிய உங்கள்நிமித்தம் கட்டுண்டவன்' என்று அவர் எழுதுவதை அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கொள்ளலாம். எபேசியர் 2:14-இல் கிறிஸ்து தகர்த்த பிரிவினைச் சுவர் என்பதும் இந்தக் கல்சுவர்தான் என்று உரையாசிரியர் பலர் கொள்கிறார்கள். அடுத்த வசனம் நியாயப்பிரமாணக் கட்டளைகளைப் பேசுகிறதே என்பார்கள் சிலர். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை, அந்தச் சுவர் நின்றதே அந்தக் கட்டளைகளின் பேரில்தான்.

கேள்வி: அப்படியானால் சபைக்குள் சாதி பார்ப்பதை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிடலாமா? (வாசகர், திருச்சி)

விடக்கூடாது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அதை மரியாதைக் குறைவு என்று சொல்லவில்லை. 'சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ப நடக்கவில்லை' என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலாத்தியர் 2:14). பந்தி பிரிந்தால் சுவிசேஷமே மறுக்கப்படுகிறது. நம் நாட்டிலும் இதற்கு நேரான உதாரணம் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, திருவிருந்தில் முன்பின் முறை, சபைத் தேர்தலில் சாதிக் கணக்கு எல்லாம் அந்தச் சுவரின் மிச்சங்களே. உங்கள் சபையில் இவற்றில் எது இருக்கிறது என்று கமிட்டியில் எழுத்துமூலம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு ஊழியர் தமக்கு மட்டும் சுவிசேஷத்தின் ஆழமான இரகசியம் வெளிப்பட்டதாகச் சொல்லி, தனிக் கூட்டத்துக்கு அழைக்கிறார். போகலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

வேண்டாம். எபேசியர் 3:5-இன்படி இது பரிசுத்த அப்போஸ்தலருக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் வெளிப்படுத்தப்பட்டது. 3:9-இன்படி எல்லாருக்கும் விளங்கப்பண்ண வேண்டியது. உள்வட்டத்துக்கு மட்டும் மறைபொருள் என்ற போதனை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஞானவாதிகள் வழியாக வந்தது. லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியஸ் அதற்குக் கொடுத்த பதில் எளிமையானது: அப்போஸ்தலருக்கு அப்படி மறைபொருள் இருந்திருந்தால், சபைகளையே ஒப்படைத்த மூப்பர்களுக்குத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

சோதிக்க மூன்று கேள்விகள் போதும். அவர் சொல்வதை பெரோயா பட்டணத்தார்போல (அப்போஸ்தலர் 17:11) வேதத்தில் திறந்து பார்க்க விடுகிறாரா? பவுலைப்போலத் தன்னைப் பரிசுத்தவான்களில் சிறியவன் என்கிறாரா, அல்லது பெரியவன் என்கிறாரா? கேட்கக் கட்டணம், காணிக்கை என்று ஏதாவது உண்டா? கிருபையாய்க் கிடைத்ததற்கு நுழைவுச்சீட்டு வைப்பவரிடம் கிருபை இல்லை.

கேள்வி: கிருபையாலே வெளிப்படுகிறது என்றால் படிப்பு எதற்கு? வாலிபர் குழுவில் இதை எப்படிப் படிப்பது? (வாசகர், தூத்துக்குடி)

2 தீமோத்தேயு 2:7 இரண்டையும் ஒரே வசனத்தில் வைக்கிறது: நீ சிந்தித்துக்கொள், கர்த்தர் புத்தியைத் தருவார். சிந்திக்காதவனுக்கு அந்த வாக்குத்தத்தம் இல்லை.

எபேசியர் நிருபம் 6 அதிகாரம், 155 வசனம். முதல் கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக முழுவதும் வாசியுங்கள், அரைமணி நேரத்துக்குள் முடியும். அன்று விளக்கம் வேண்டாம். இரண்டாம் கூட்டத்தில் 1:9, 3:3, 3:4, 3:9, 5:32, 6:19 ஆகிய இடங்களில் 'இரகசியம்' என்பதை அடிக்கோடிடுங்கள். பொது மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர்களுக்கு அது 'மறைபொருள்' என்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மறைத்தது யார், திறந்தது யார், உள்ளே இருந்தது என்ன என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். மூன்றாம் கூட்டம் முழுவதும் 2:11-3:13.

வழக்கமாகத் தவறுவது இங்கேதான். மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கி இரண்டை விட்டுவிடுவார்கள். அப்போது இரகசியம் என்ன என்பதற்கு அவரவர் கற்பனையே பதிலாகும். இன்னொன்று, 3:1-இல் தொடங்கும் ஜெபம் பாதியில் நின்று 3:14-இல்தான் தொடர்கிறது. நடுவிலுள்ள 2 முதல் 13 வரை பவுலே ஜெபத்தை நிறுத்திச் சொல்லும் விளக்கம் என்று தெரியாவிட்டால் வாக்கியம் பிடிபடாது. ஒவ்வொரு கூட்டத்தையும் 1:17-19-ஐ ஜெபமாகச் சொல்லித் தொடங்குங்கள். ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்காகவே பவுல் அப்படி ஜெபித்தார்.

கேள்வி: இனியும் வெளிப்படாத இரகசியங்கள் தேவனிடம் உண்டா? (வாசகி, சென்னை)

உண்டு. உபாகமம் 29:29 மறைவானவை கர்த்தருக்கு உரியவை என்கிறது. கிறிஸ்து வரும் நாளும் நாழிகையும் அவற்றில் ஒன்று, அதைக் கணக்குப்போட்டுச் சொல்பவர்களை நம்பவேண்டாம். வெளிப்படுத்தப்பட்டவையோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று அதே வசனம் முடிக்கிறது.