பெற்ற மகனும் வளர்த்த மகனும்: வாசகர் கேள்வி – பதில்

அடியாட்களைப் பற்றிய குற்றப் படங்களில் குடும்பப் பற்றை ஆழமாகத் தொட்ட படம் எது என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். சாம் மெண்டிஸ் இயக்கத்தில் 2002இல் வெளிவந்த ‘ரோட் டு பெர்டிஷன்’ என்று ஒரே வரியில் விடை எழுதியிருந்தேன். அதைத் தேடிப் பார்த்தவர்கள் அனுப்பிய கடிதங்களுக்கே இம்முறை பகுதி முழுவதும். முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

மைக்கேல் சல்லிவன் தன் முதலாளி ரூனி சொல்வதையெல்லாம் ஏன் மறுபேச்சின்றிச் செய்கிறான்? அவன் அந்த வீட்டின் வேலையாளா, பிள்ளையா? – ஒரு வாசகர், திருநெல்வேலி

இரண்டும்தான். இரண்டுமாக இருக்க நேர்ந்ததே அவனுடைய கேடு. தகப்பன் இல்லாத சல்லிவனை வளர்த்து ஆளாக்கியவர் ஜான் ரூனி. குடியிருக்கும் வீடும் பிள்ளைகள் உண்ணும் உணவும் அவர் தந்தவை. அதற்கு ஈடாகச் சல்லிவன் கொடுப்பது தன் கையையும் துப்பாக்கியையும். இந்த உறவு நமக்குப் புதிதன்று. கம்பனின் கும்பகருணன், தன்னை அழைக்க வந்த வீடணனிடம், நெடுநாள் வளர்த்துப் பின்பு போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். செஞ்சோற்றுக் கடன் பட்டவனுக்கு அதற்குமேல் வாதம் இல்லை. சல்லிவனும் படத்தின் முதல் கால் பகுதி வரை அப்படிப்பட்டவனே.

ஆனால் இராவணனுக்கும் ரூனிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இராவணன் தம்பியைப் பகைவனின் முன்னால்தான் நிறுத்தினான். சல்லிவனுக்கோ சொந்த வீட்டிலிருந்தே கேடு வருகிறது. ரூனி பெற்ற மகன் கானர், ஃபின் மெக்கவர்ன் என்ற கூட்டாளியைச் சுட்டுக் கொல்கிறான். காருக்குள் ஒளிந்து வந்த சல்லிவனின் மூத்த மகன் அதைப் பார்த்துவிடுகிறான். உடனே கானர் ஒரு கடிதத்தைச் சல்லிவனிடமே கொடுத்து, கடன் பாக்கி வைத்திருக்கும் மதுக்கூடக்காரன் ஒருவனிடம் அனுப்புகிறான். கொண்டுவந்தவனைக் கொன்றால் கடன் முழுவதும் தீர்ந்தது என்பதே அதில் எழுதியிருந்த செய்தி. தாவீது அரசன் உரியாவின் மரண ஓலையை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பிய விவிலியக் கதை, பூசைக்குத் தவறாத இந்த ஐரிஷ் கத்தோலிக்கக் கூட்டத்துக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மதுக்கூடக்காரனின் கண் துப்பாக்கியின் பக்கம் ஓடுவதைக் கவனித்துவிட்டதால் சல்லிவன் பிழைக்கிறான். அதே நேரத்தில் அவன் வீட்டில் மனைவி ஆனியும் இளைய மகன் பீட்டரும் கானரின் கையால் சாகிறார்கள்.

இதன் பிறகு ரூனி செய்வதுதான் படத்தின் உயிர்நிலை. அவர் கானரை அடிக்கிறார், நீ பிறந்த நாளைச் சபிக்கிறேன் என்கிறார், அடுத்த கணமே அவனை இறுக அணைத்துக்கொள்கிறார். பின்னர் தேவாலயத்தின் நிலவறையில் சல்லிவன் அவரைச் சந்தித்து, இறந்தவர்களின் பெயர்களில் கணக்கு வைத்துக் கானர் உங்கள் பணத்தையே திருடிவந்திருக்கிறான் என்று ஆதாரத்தோடு சொல்லும்போது, தனக்கு அது தெரியும் என்கிறார் கிழவர். மகன் திருடன், கொலைகாரன், வளர்த்த பிள்ளையின் குடும்பத்தை அழித்தவன் என எல்லாம் தெரிந்தே அவர் பெற்றவனின் பக்கம் நிற்கிறார். சல்லிவனை ஊரைவிட்டுப் போய்விடச் சொல்லி, இழந்த மகனுக்காக நான் துக்கம் காப்பேன் என்றும் சொல்கிறார். அன்பு இல்லாமல் அதைச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. தேர்ந்தெடுக்கும் தேவை வராத வரையில்தான் சல்லிவன் அந்த வீட்டுப் பிள்ளை. படத்தின் தொடக்கத்தில், மெக்கவர்னின் சகோதரனுடைய சாவு வீட்டில் ரூனியும் சல்லிவனும் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிக்கும் காட்சியைத் திரும்பப் பாருங்கள்: பால் நியூமனும் டாம் ஹாங்க்ஸும் தாங்களே வாசிக்கிறார்கள், அந்த மகிழ்ச்சியில் இடம் இல்லாமல் நிற்கும் கானரின் முகத்தில் (டேனியல் கிரெய்க், ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு முன்பு) பின்னால் வரப்போகும் அத்தனை கொலைகளும் எழுதியிருக்கின்றன.

இது உண்மைக் கதை என்கிறார்களே, எவ்வளவு உண்மை? – ஒரு வாசகி, கும்பகோணம்

அடித்தளம் மட்டும் உண்மை. இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ராக் ஐலண்ட் என்ற ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊரை ஆட்டிப்படைத்தவர் ஜான் லூனி என்ற வழக்கறிஞர். சூதாட்டம், விபசாரம், சாராயம் ஆகியவற்றோடு அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது: பத்திரிகை. ‘ராக் ஐலண்ட் நியூஸ்’ என்ற தம் இதழில் ஊர்ப் பெரிய மனிதர்களின் அந்தரங்கத்தை வெளியிடப்போவதாக மிரட்டிப் பணம் பறித்தார். 1912இல் நகர மேயரோடு ஏற்பட்ட மோதல் கலவரமாக மாறி, உயிர்கள் பலியாகி, மாநிலப் படை வரவழைக்கப்பட்டது. மதுவிலக்கு 1920இல் நடைமுறைக்கு வந்தபின் சாராயப் பணமும் அதோடு பகையும் பெருகின. 1922இல் மதுக்கூட உரிமையாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், தெருவில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் லூனியின் மகன் கானர் இறந்தான். லூனி தப்பியோடி, நியூ மெக்சிகோவில் பிடிபட்டு, அந்த மதுக்கூடக்காரரின் கொலைவழக்கில் 1925இல் தண்டனை பெற்றார்.

ஆகவே, படத்தின் கதை நடக்கும் 1931ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் உண்மையான தகப்பன் சிறையில் இருந்தார். உண்மையான மகன் மண்ணுக்குள் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஊர் வரலாற்றை எடுத்து, மேக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுத, ரிச்சர்டு பியர்ஸ் ரேனர் வரைந்த சித்திரக்கதை 1998இல் வெளிவந்தது. படம் அதிலிருந்து பிறந்தது. சித்திரக்கதையில் லூனி என்றே இருந்த பெயர் படத்தில் ரூனி ஆயிற்று.

சிகாகோவில் சல்லிவன் உதவி கேட்டுப் போகும் ஃபிராங்க் நிட்டியும் மெய்யாக வாழ்ந்தவரே. அல் கபோனின் கூட்டத்தில் அடியாட்களை ஏவும் பொறுப்பு அவருடையது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவரும் வெளியில் இல்லை; வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்று உள்ளே இருந்தார். வரலாற்று ஆசிரியர்கள் இதற்காகப் படத்தை மன்னிக்காமல் போகலாம், எனக்கு மன்னிக்க முடிகிறது. சல்லிவனுக்கு நிட்டி சொல்லும் மறுப்பு, ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் மேலாளர் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் தொனியில் இருக்கிறது. ரூனியின் வீட்டில் பாசமாக இருந்தது சிகாகோவில் வெறும் கணக்காகிவிட்டதைக் காட்ட அந்த ஆள் தேவைப்படுகிறார். கபோனையும் ஒரு காட்சியில் நடிக்கவைத்துப் படமாக்கிவிட்டு வெட்டிவிட்டார்கள். நல்ல முடிவு.

மழையில் நடக்கும் கொலைக் காட்சியில் துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கோளாறோ என்று நினைத்துவிட்டோம். ஏன் அப்படி? – ஒரு வாசகர், ஈரோடு

உங்கள் தொலைக்காட்சியில் குறையில்லை. இரவு மழையில் ரூனி தம் காவலாட்களோடு காரை நோக்கி நடக்கிறார். தெருவின் மறுகோடி இருளிலிருந்து துப்பாக்கியின் தீப்பொறி மட்டும் தெரிகிறது. ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கேட்பதெல்லாம் தாமஸ் நியூமனின் இசை மட்டுமே. (பால் நியூமனுக்கு இவர் உறவினர் அல்லர்.) ரூனி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுடுபவன் யார் என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் விழுந்தபின் சல்லிவன் வெளிச்சத்துக்கு வருகிறான். சாவு உன் கையால் வருவதில் மகிழ்ச்சி என்ற பொருளில் கிழவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். அதற்குப் பிறகு வரும் சூடு மட்டும் முழுச் சத்தத்தோடு காதில் விழுகிறது. மற்றவர்கள் விழுந்தது அவனுடைய வேலையில் சேர்ந்தது, இது தகப்பன் கொலை. இரண்டையும் ஒலியாலேயே பிரித்துவிட்டார் இயக்குநர்.

அக்காட்சியின் ஒளிக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். ஒளிப்பதிவு செய்த கான்ராட் ஹால் 2003 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு மார்ச்சில் இந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் அறிவிக்கப்பட்டது, அது அவருடைய மூன்றாவது. ஆறு பரிந்துரைகள் பெற்ற படத்துக்குக் கிடைத்த ஒரே விருதும் அதுதான். சாவு வரும் இடத்திலெல்லாம் படத்தில் தண்ணீர் இருப்பதைக் கவனித்தீர்களா? சாவு வீட்டில் உருகும் பனிக்கட்டி, இந்த மழை, கானர் கொல்லப்படும் குளியல் தொட்டி, கடைசியில் ஏரிக்கரை வீடு.

பன்னிரண்டு வயது மகனோடு சேர்ந்து பார்க்கலாமா? தகப்பன்–மகன் கதை என்று எழுதியிருந்தீர்கள். – ஒரு வாசகி, மதுரை

இப்போது வேண்டாம், சகோதரி. அமெரிக்காவிலேயே பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும் என்று சான்றளிக்கப்பட்ட படம் இது. இரத்தத்தைவிட, ஒரு சிறுவன் தாயையும் தம்பியையும் ஒரே இரவில் இழக்கும் பகுதியே உங்கள் மகனை அதிகம் பாதிக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு குறை. சல்லிவன் எத்தனையோ பேரைக் கொன்றவன். டாம் ஹாங்க்ஸை அந்த இடத்தில் நிறுத்தி, அவனை நல்லவனாக்கிவிட்டார்கள் அல்லவா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் குறையில் பாதியை ஏற்கிறேன். திரையில் அவன் கொல்பவர்களைப் பட்டியலிட்டால், ஏறக்குறைய எல்லோருமே நாம் சாகட்டும் என்று விரும்பும் ஆட்கள். இதற்கு முன் ரூனிக்காக அவன் யார் யாரைக் கொன்றான், அவர்கள் செய்த பிழை என்ன, அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்ற கேள்விகளைப் படம் வாயைத் திறந்து கேட்பதே இல்லை. மெக்கவர்னின் கதை இதற்குச் சான்று. அண்ணனையும் தம்பியையும் அடுத்தடுத்து இழந்த அந்த வீட்டுக்குப் பின்பு என்ன ஆயிற்று என்று ஒரு காட்சிகூட இல்லை. ரூனியின் பணத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் கானரின் போலிக் கணக்குகளில் மட்டும் வாழ்கின்றன. படமும் அவர்களை அந்த அளவுக்கே நினைவில் வைத்திருக்கிறது. ஆனியும் அப்படித்தான். ஜெனிஃபர் ஜேசன் லீ போன்ற நடிகையை அழைத்து வந்து, கதை தொடங்குவதற்காகச் சாகும் வேலையை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

ஏற்காத பாதி இது. அவனை நல்லவன் என்று படம் சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. சல்லிவனே அதைச் சொல்லிக்கொள்வதில்லை. நிலவறைக் காட்சியில், இந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள், நம்மில் ஒருவரும் மோட்சத்தைக் காணப்போவதில்லை என்று ரூனி சொல்லும்போது, என் மகன் காண்பான் என்பதே அவன் விடையாக இருக்கிறது. தன் கணக்கை அவன் மறுக்கவில்லை. பின்னொரு நாள், தம்பியை என்னைவிட அதிகமாக நேசித்தீர்களா என்று மூத்தவன் கேட்கிறான். அவன் இனிய குணமுள்ள சிறுவன், நீயோ என்னைப்போல் இருந்தாய், நீ என்னைப்போல் ஆகக்கூடாது என்று நினைத்தேன் என்கிறான் தகப்பன். ஓர் அடியாள் தன் வாழ்க்கையைப் பற்றிக் கொடுக்கும் தீர்ப்பு இதைவிடக் கடுமையாக இருக்க வேண்டுமா? ஏரிக்கரை வீட்டில், சல்லிவனைக் கொல்ல ஏவப்பட்ட கூலிக் கொலையாளி மக்வயரை நோக்கித் துப்பாக்கி நீட்டிய சிறுவனால் விசையை இழுக்க முடியாமல் போவதும், சாகும் நிலையில் தகப்பனே அந்த வேலையை முடிப்பதும் இந்த விடையிலிருந்து விளைபவை. இரண்டு தகப்பன்மார், ஒருவர் மகன் செய்த பாவத்தை மறைக்க எல்லாவற்றையும் விடுகிறார், மற்றவன் மகன் பாவம் செய்யாமல் இருக்க எல்லாவற்றையும் விடுகிறான். ஹாங்க்ஸுக்குப் பதிலாக முரட்டு முகமுடைய ஒரு நடிகர் இருந்திருந்தால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

சித்திரக்கதையையும் படிக்க வேண்டுமா? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

படம் பிடித்திருந்தால் படியுங்கள், ஆனால் அதே கதையை எதிர்பார்க்காதீர்கள். அதில் துப்பாக்கிச் சண்டைகள் பல மடங்கு அதிகம். ஜூட் லா நடித்த மக்வயர், பிணங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டே கொலையும் செய்யும் அந்த விசித்திரமான ஆள், அதில் கிடையாது. அவனைப் படத்துக்காகவே உருவாக்கினார்கள். அதற்கும் முன்னால் போக விரும்பினால், காலின்ஸுக்கு வித்திட்ட ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்று இருக்கிறது: கசுவோ கொய்கே எழுத, கோசேகி கொஜிமா வரைந்து 1970இல் தொடங்கிய ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’. ஷோகன் என்ற ஜப்பானிய ஆட்சியாளரின் தலைவெட்டியாகப் பணிபுரிந்தவன், சூழ்ச்சியால் குடும்பத்தை இழந்து, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பழிவாங்கப் புறப்படுகிறான். புறப்படும் முன் குழந்தையின் எதிரே ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் இறந்துபோன தாயிடமே அனுப்பிவிடுவது, அதாவது கொன்றுவிடுவது, வாளைத் தொட்டால் தன்னோடு அழைத்துச் செல்வது என்று முடிவு. குழந்தை வாளைத் தொடுகிறது. அதை முதலில் படித்துவிட்டுக் காலின்ஸின் நூலுக்கு வாருங்கள்.