கீமோவுக்கு நடுவே வேலையும் வீடும்: புதிதாக வந்த சகோதரிக்கு

சகோதரி, இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை, மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ தொடங்கப்போகிறது, உறவென்று பக்கத்தில் யாரும் இல்லை, வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் வழக்கம்போல் நடக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு வாழ்க்கையில் பழம் தின்று கொட்டை போட்டவள் நான். கீமோவையும் இங்கேதான் பார்த்து முடித்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: எல்லாம் நடக்காது, பாதி நடக்கும். எந்தப் பாதி என்பதை மருந்து தீர்மானிப்பதற்குள் நீங்கள் தீர்மானித்துவிடுங்கள்.

முதலில் காலண்டரை எடுங்கள். மூன்று வாரமும் ஒரே மாதிரி இருக்காது. மருந்து ஏறிய அன்றும் மறுநாளும் பலருக்குத் தெம்பாகவே இருக்கும். வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டின் வேலை அது. நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராமல், அலமாரித் துணி முழுவதையும் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா கீமோ என்று தோன்றும், நம்பாதீர்கள். ஸ்டீராய்டு நின்றதும், மூன்றாம் நான்காம் நாளில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் விழுந்துவிடும். பிறகு 7 முதல் 14 நாட்களுக்குள், இரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இறங்கும். கூட்டத்தையும் சளி பிடித்தவர்களையும் தவிர்க்க வேண்டிய நாட்கள் அவை. மூன்றாவது வாரம்தான் உங்களுடையது. தள்ளிப்போட முடியாத அலுவலக வேலை, பள்ளியில் ஆசிரியர் சந்திப்பு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வையுங்கள். தினமும் இரண்டு வரி நோட்டில் எழுதி வந்தால் இரண்டு சுற்றுக்குள் உங்கள் உடம்பின் கணக்கு பிடிபடும்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். 38 டிகிரி செல்சியஸ், பாரன்ஹீட்டில் 100.4, தொட்டுவிட்டால் இரவோ பகலோ உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. பயத்தில் முதலில் ஓடிப்போவது அந்நிய மொழிதான். அதனால் மருந்தின் பெயர், கடைசி டோஸ் தேதி, அழைக்க வேண்டிய எண் மூன்றையும் அந்த ஊர் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டிவையுங்கள். எடுத்த எடுப்பிலேயே, நான் கீமோவில் இருக்கிறேன், காய்ச்சல் என்று சொல்லுங்கள். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளை நன்றாகப் பேசுகிறதே என்று அதை அழைத்துப் போகாதீர்கள். தாயின் ஸ்கேன் முடிவைத் தாய்க்கே எடுத்துச் சொல்லும் பாரம் ஒரு குழந்தைக்கு வேண்டாம்.

வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. மேலாளருக்கு, மருத்துவரின் கடிதத்தோடு, எந்தெந்தத் தேதிகளில் வர முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் விசா வேலையோடு பிணைந்தது என்றால், நேரத்தைக் குறைப்பதற்கும் சம்பளமில்லா விடுப்பு எடுப்பதற்கும் முன்னால் அது விசாவைத் தொடுமா என்று விசாரியுங்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் யாரைக் கேட்பது என்று அவரே வழிகாட்டுவார்.

பக்கத்து வீட்டார் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டால், பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் பிறவிக்குணம். அதை மூட்டை கட்டி வையுங்கள். நான்காம் நாள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியுமா என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் வேறொரு சோதனை. தேற்ற வேண்டியவர்கள் அழுவார்கள், நீங்கள் தேற்றுவீர்கள். உடன்பிறந்தவர் ஒருவரிடம் மட்டும் செய்தி சொல்லி, மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். அவர்கள் அனுப்பும் மூலிகைப் பொடி எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள். சில கீமோ மருந்தோடு மோதும்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. வாயில் உலோகச் சுவை அடித்தால் பிளாஸ்டிக் கரண்டியில் சாப்பிடுங்கள். வாந்தி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், வெட்கப்படாமல் நர்ஸிடம் முதல் வாரமே சொல்லுங்கள். சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், இரத்தம் என்று பதறாதீர்கள். அசதியாக இருக்கிறதே என்று படுத்தே கிடந்தால் அசதி கூடும். தெருமுனை வரையாவது நடங்கள்.

முடி, முதல் டோஸுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தலையைக் குளிர்விக்கும் தொப்பி உங்கள் மருந்துக்கு உதவுமா என்று கேட்பதானால் முதல் டோஸுக்கு முன்பே கேட்க வேண்டும், பிறகு பயனில்லை. பல்லில் சொத்தை ஏதும் இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு அதையும் இந்த வாரமே பார்த்து முடித்துவிடுங்கள்.